நாலு நகத்தில் மஞ்சள்

அந்தப் பச்சைக் கதவு திறந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. நான் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, டாக்டர் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று அந்த நர்ஸம்மா சொல்லி அரை மணி நேரம் ஆகிறது. அரை மணி நேரம் பார்ப்பதற்கு ஒரு கட்டைவிரலில் என்னங்க இருக்கிறது?

உங்களுக்கு உள்ளே யாருங்க? அம்மாவா? இடுப்பா? சரியாகிவிடுமுங்க, பயப்படாதீங்க. எனக்கு மகள். இலக்கியா என்று பேர். காலேஜ் முதல் வருஷம். வலது கைக் கட்டைவிரல். தொங்குகிறதுங்க. இல்லை, தொங்கவில்லை, வீங்கியிருக்கிறது. எனக்குத்தான் தொங்குகிற மாதிரியே தெரிகிறது.

வண்டியிலிருந்து விழுந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லீங்க. பந்து. கிரிக்கெட் பந்தும் இல்லை, பேஸ்பால். நீங்கள் முழிப்பது மாதிரித்தான் நானும் முழித்தேன். ஒருத்தி நின்று பந்தை வீசுகிறாள், அவள் பிச்சர். எதிரணிக்காரி உருண்டையான ஒரு கட்டையை வைத்துக்கொண்டு அடிக்கப் பார்க்கிறாள். அடித்தால் சதுரமாக நாலு மூலை சுற்றி ஓடி வர வேண்டும், வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அவர்கள் இறங்கி இவர்கள் ஏற வேண்டும். ஏழு சுற்று. அவ்வளவுதான். இதில் அடிக்கிறவளுக்குப் பின்னால் மூஞ்சிக்குக் கம்பிக்கூண்டு மாட்டிக்கொண்டு ஒருத்தி குந்தி உட்கார்ந்திருப்பாள், தப்பி வருகிற பந்தையெல்லாம் பிடிப்பதற்கு. கேட்சர் என்பார்கள். அதுதான் என் மகள்.

எனக்கு அதிலேயே வருத்தமுங்க. ஒன்பது பேரில் எட்டுப் பேர் நிமிர்ந்து நிற்கிறார்கள். என் பிள்ளை மட்டும் கக்கூஸில் உட்கார்கிற மாதிரி ரெண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அவளுடைய கோச் கலைவாணி மேடத்திடம் போனிலேயே கேட்டேன். "மேடம், அவளைக் கொஞ்சம் நிக்கற எடத்துல போடக் கூடாதுங்களா?" அந்தம்மா சிரிக்கிறார். "அவ எந்திரிச்சா என் டீமே உக்காந்துருமுங்க" என்கிறார். எப்படிப் பேசுகிறார் பாருங்கள். நோகிற வேலையை என் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு பாராட்டு வேறு.

அடிக்க அனுப்புவதிலும் அப்படித்தான். எல்லோரும் அவுட் ஆகிப் போன பிறகு, தோற்கப் போகிற நேரத்தில், "இலக்கியா போ". இந்தப் போட்டியில் மட்டும் மூன்று ஆட்டம், மூன்றிலும் கடைசியில் இவள் தலையில்தான் கட்டினார்கள். மூன்றிலும் அடித்துவிட்டாள். அடித்ததால் நாலாவது ஆட்டத்துக்கும் கட்டுகிறார்கள். வேலை செய்கிற மாட்டைத்தானே எல்லோரும் ஓட்டுகிறார்கள்?

நான் ஆட்டத்துக்குப் போனதில்லைங்க. இன்றைக்குத்தான் முதல் தடவை. நான் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர். ஸ்பிரே அடிப்பதெல்லாம் ராத்திரியில்தான். பகலில் வெல்டிங் தூசி பறந்துகொண்டே இருக்கும், ஈரப் பெயிண்டில் வந்து உட்கார்ந்தால் போச்சு. இருபத்தோரு வருஷமாக அப்படித்தான். காலையில் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவேன், அவள் எழுந்து கிளம்புவாள், நான் படுப்பேன். என் சம்சாரம் ருக்குமணி அதற்கு முன்பே கோழிப் பண்ணைக்கு முட்டை எடுக்கப் போய்விடுவாள். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மூன்று பேரும் ஒன்றாக விழித்திருப்பது என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான்.

பயம் எனக்கு அங்கேதான் பிடித்தது. ரெண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் பங்காளி ஒருத்தருடைய பொண்ணு, செல்போன் கடைக்காரன் ஒருத்தனோடு போய்விட்டது. நல்ல பொண்ணுங்க. தலை நிமிர்ந்து பார்க்காது. அதனுடைய அப்பன் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். "எல்லாம் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சுண்ணா, நாந்தான் பாக்கல" என்று. அன்றையிலிருந்து நான் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்கிறவனுக்கு எதுதான் தெரியாது? போன வாரம் இவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். நகத்தில் பாலிஷ். சாதாரணக் கலர் இல்லைங்க. கண்ணைப் பறிக்கிற மஞ்சள். லாரி பம்பருக்கு ஓரத்தில் அடிப்போமே, இருட்டு மசங்கின நேரத்தில் எதிரே வருகிறவனுக்குத் தெரிவதற்கு, அதே மஞ்சள். அதுவும் வலது கையில் மட்டும். அதிலும் கட்டைவிரலை விட்டுவிட்டு நாலு நகத்தில். இடது கையைப் பார்த்தேன், வெறும் கை. அழகுக்குப் போடுகிறவள் ரெண்டு கைக்கும் போட மாட்டாளா?

பட்டறையில் என் கூட்டாளி சித்தேஸ்வரனிடம் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான். "யோவ், ஒரு கையில மட்டும்னா அது அடையாளம்யா" என்றான்.

"என்ன அடையாளம்டா?"

"யாருக்கோ சொல்லி வெச்ச அடையாளம். நாலு வெரலுன்னா நாலு மணி. நீ நல்லாத் தூங்கு, பகல்ல."

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். எனக்குத் தெரியும். ஆனால் மனசு கிண்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமே! பகலில் படுத்தால் தூக்கம் வரவில்லை. நாலு மணி ஆனால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருத்தன் நின்றால் அவன் பின்னாலேயே போகிறேன். மகளிடம் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? எப்படியண்ணா கேட்பது? கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அதனால் கேட்கவில்லை. இன்றைக்குக் காலையில் வேலை முடிந்து வந்தேன். அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், வலது கை வெளியே தொங்குகிறது. அப்போதுதான் போட்ட மாதிரி நாலு நகமும் பளபளவென்று இருக்கிறது. இன்றைக்கு ஃபைனல் என்று எனக்குத் தெரியும். கூட்டம் வரும், அவனும் வருவான். இன்றைக்குத்தான் அந்த அடையாளம் என்று எனக்குள் ஒரு பதற்றம். என் பையில் கைப் பெயிண்டைக் கழுவுவதற்குச் சின்னப் பாட்டிலில் தின்னர் எப்போதும் இருக்கும், கழிவுப் பஞ்சும் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நகமாகத் துடைத்தேன். அவள் இமை ஒரு தடவை ஆடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏதோ கனவு போலிருக்கிறது, எழுந்திருக்கவில்லை. நல்ல தூக்கம். கையைக்கூட இழுத்துக்கொள்ளவில்லைங்க, நான் முடிக்கிற வரைக்கும் அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்த பாலிஷ் பாட்டிலையும் எடுத்துப் போய்ச் சாக்கடையில் போட்டேன்.

அப்புறம் படுக்கவில்லை. மத்தியானம் அவளுக்குத் தெரியாமல் அந்தக் காலேஜ் மைதானத்துக்குப் போனேன். ஆட்டம் பார்ப்பதற்கு இல்லைங்க. ஆளைப் பார்ப்பதற்கு.

இருங்க, கதவு... இல்லை, அது வேறு யாரோ.

ரெண்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய ஆட்டம். சிறப்பு விருந்தினர் வந்து, சால்வை போட்டு, பேசி முடித்து இறங்குவதற்குள் நாலு ஆகிவிட்டது. நாலு! நான் எதிர்ப்பக்கம் கயிற்றுக்கு வெளியே ஜனங்களோடு நின்றேன். நேர் எதிரே தூரத்தில் என் மகள் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பிச்சர் ஒவ்வொரு பந்து வீசுவதற்கு முன்னாலும், இவள் வலது கையை ரெண்டு தொடைக்கும் நடுவில் விட்டு ஏதோ ஜாடை காட்டுகிறாள். அத்தனை ஜனத்துக்கு நடுவில்! அதோடு விட்டால் பரவாயில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை. அங்கே சிவப்பு டீ-ஷர்ட் போட்ட ஒரு பையன், இருபது இருபத்தொண்ணு வயசு இருக்கும். இவள் கை அசைகிறது. பந்து போகிறது. உடனே அவன் ஒரு தகட்டைத் தூக்கி ஆணியில் மாட்டுகிறான். மறுபடியும் இவள் கை. மறுபடியும் அவன் தகடு. கண் எதிரே பேசிக்கொள்கிறார்கள் அண்ணா!

அப்புறம் நான் பந்தைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருத்தர், ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்க வந்தவராம், யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "அடிக்கறவங்க நெறையப் பேரு கெடைப்பாங்க. அந்தக் கேட்சர் புள்ளயப் பாரு. நாலு மேட்ச்ல பதினோரு பேரு பேஸ் திருட ஓடிப் பாத்தாங்க. எட்டுப் பேர எறிஞ்சே அவுட்டாக்கிருச்சு. இப்ப ஒருத்தியும் ஓடவே பயப்படறா." அடிக்கு முன்பே நைசாக அடுத்த மூலைக்கு ஓடிவிடுவதைத்தான் பேஸ் திருடுவது என்பார்களாம். எனக்கு இதெல்லாம் காதில் விழுந்தது. திருட்டு என்ற வார்த்தைதான் நின்றது.

ஏழாவது சுற்று. வெயில் இறங்கி, ஒரு பெரிய மரத்தின் நிழல் இவள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் விழுந்துவிட்டது. திடீரென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் என் மகள் முன்னால் கவிழ்ந்து கிடக்கிறாள். வலது கையை வயிற்றுக்குள் அமுக்கிக்கொண்டு. எல்லோரும் ஓடுகிறார்கள். நான் ஓடவில்லைங்க. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். தண்ணீர் அடித்தார்கள், வலிக்கு ஸ்பிரே அடித்தார்கள். எழுந்தாள். போய் உட்கார்ந்துகொண்டாள். மறுபடியும் அதே இடத்தில், அதே மாதிரி குந்தி. அடிபட்டவள் இனி எறிய மாட்டாள் என்று எதிரணிக்காரி ஒருத்தி ரெண்டாவது மூலைக்கு ஓடினாள். இவள் உட்கார்ந்த வாக்கிலேயே எழும்பி எறிந்தாள். அவுட். எறிந்துவிட்டு அந்தக் கையை உதறினாள் பாருங்கள், அதை மட்டும் நான் பார்த்தேன்.

அப்போது என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? கவனம் அவன் மேல் இருந்ததால்தான் அடிபட்டது என்று சொன்னது. எல்லாம் இவனால்தான் என்று. அணி மாறி இவர்கள் அடிக்க ஏறிய பிறகும் எனக்கு அதே நினைப்புத்தான். கடைசியில் பொறுக்காமல் நேரே போய் அந்தச் சிவப்பு டீ-ஷர்ட்டைக் கொத்தாகப் பிடித்தேன்.

"யாருய்யா நீ? விடுய்யா!"

"யாருக்குடா நம்பர் காட்டற? எத்தன நாளா நடக்குது?"

"பெருசு, குடிச்சிருக்கயா? பாரு, அடிக்கப் போற பொண்ணு ஆட்டத்த விட்டுட்டு இந்தப் பக்கமே பாத்துட்டு நிக்குது, அம்பயர் கத்தறாரு. விடு!"

கேட்டீர்களா? அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான், அவள் இந்தப் பக்கமே பார்க்கிறாள் என்று. நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அந்த நேரத்தில் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். நல்ல காய்ந்த தேங்காயை உடைக்கிற மாதிரி. மைதானமே எழுந்து கத்துகிறது. இவன் குதிக்கிறான். "விடுய்யா, ரெண்டு ரன் ஏறிருச்சு, நம்பர் மாத்தணும், ஜெயிச்சுட்டாங்கய்யா!"

ஒரு ரன் பின்னால் இருந்தார்களாம். ரெண்டு பேர் அவுட்டாம். இன்னொருத்தி அவுட் ஆனால் முடிந்ததாம். அடித்தது என் மகளாம். அடிபட்ட விரலோடு. நான் சட்டையை விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அவளைத் தூக்கித் தோளில் வைத்திருந்தார்கள்.

ஆட்டோவில் வருகிறோம். மேடம், இலக்கியா, பந்து வீசுகிற ஜெசிந்தா, நான். ஜெசிந்தா தேம்பித் தேம்பி அழுகிறாள். "என்னாலதான் மேடம். அவ ரெண்டு வெரலு காட்டியிருக்கா, மெதுவா எறங்கற பந்து. எனக்கு ஒண்ணுன்னு தெரிஞ்சுது. வேகமாப் போட்டுட்டேன். நெழலு விழுந்துருச்சு மேடம், வெரலே தெரியல." மேடம் இலக்கியாவின் பக்கம் திரும்பினார். "நெயில் பாலிஷ் எங்கடி? அது தெரியணும்னுதான மஞ்சளாப் போடச் சொன்னேன்? ராத்திரியே போட்டுட்டுப் படுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே?"

எனக்கு ஆட்டோ அப்படியே சாய்ந்த மாதிரி இருந்தது. ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இலக்கியா சொன்னாள்: "காலைல கை கழுவறப்பப் போயிருச்சு மேடம். பாட்டில எடுத்துட்டு வர மறந்துட்டேன். மைதானத்துல கோடு போடற சுண்ணாம்பத் தடவிப் பாத்தேன், வேர்வைல நின்னுக்கல."

"கிறுக்கி. உன் கவனக்கொறவுக்கு வெரலப் பறிகொடுத்துட்டு நிக்கற" என்று மேடம் திட்டினார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு உயிர் வந்ததுங்க. தெரியவில்லை! தண்ணீரில் போய்விட்டது என்றே நம்புகிறாள். ஆட்டத்தில்தான் கெட்டிக்காரி, மற்றதில் பச்சைக் குழந்தை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "உங்க சட்டையெல்லாம் தின்னர் வாசம்ப்பா" என்றாள். "வேலை வாசம் கண்ணு" என்றேன். "ம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இங்கே வந்து ருக்குமணிக்குப் போன் போட்டேன். "அந்தப் பாலிஷா? நாந்தானுங்க வாங்கிக் குடுத்தேன், கோச்சம்மா கேட்டாங்கன்னு" என்கிறாள். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றேன். "நீங்க எப்பக் கேட்டீங்க? பகலெல்லாம் பொணமாட்டத் தூங்கறீங்க" என்கிறாள். இனி அவளுக்கும் பயப்பட வேண்டும். வெறும் சுளுக்கு என்று வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லைங்க. இருபத்திரண்டாம் தேதி ஸ்டேட் டீம் கிளம்புகிறது. அந்தப் பெரியவர் இவள் பேரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். சுளுக்கு என்றால் பத்து நாளில் சரியாகிவிடும், போய்விடுவாள். எலும்பு என்றால்...

திறந்துவிட்டதா? ஐயோ. மேடம்தான். இருங்கண்ணா, வருகிறேன்.

நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா? நல்லதாயிற்று. எலும்புதானுங்க. விரிசல். ஆறு வாரம் கட்டு. "வேற பொண்ணத்தாங்க கூட்டிட்டுப் போவாங்க, என்ன பண்றது" என்கிறார் மேடம். அதுதான் அவள், அங்கே மருந்துக் கவுண்டரில் மேடத்தோடு நிற்கிறாள், வெள்ளைக் கட்டோடு. அழவில்லை பாருங்கள். அழுதால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். "அம்மிணி, காலைல நான்..." என்று ஆரம்பித்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அத விடுங்கப்பா. நீங்க ஆட்டத்துக்கு வந்தீங்கல்ல, நான் அடிச்சதப் பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

என் முகத்தையே பார்த்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. "எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டாள். அதற்குள் கவுண்டரில் பேரைக் கூப்பிட்டார்கள். "வந்து கேக்கறேன், யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மருந்து வாங்கிவிட்டார்கள். வருகிறாள் அண்ணா. கிரிக்கெட்டாவது பார்த்திருப்பீர்கள் அல்லவா நீங்கள்? வலது கைக்காரி, கட்டைவிரல் உடைந்திருக்கிறது, கடைசிப் பந்து. எந்தப் பக்கம் போயிருக்குமுங்க? இடமா, வலமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணா, சீக்கிரம்.